பறங்கி வாளும் அதன் முத்திரைகளும்

பதுளை நகருக்குத் தென்கிழக்கே உயர்ந்து நிற்பது நமுனுகுல மலை. அதன் உயரம் ஏறக்குறைய 2,036 மீற்றர். ஒன்பது சிகரங்களை உடையதாதலால் சிங்களத்தில் அதற்கு அப்பெயர் வழங்கலாயிற்று. மலைச்சரிவெங்கும் இன்று தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தெற்கு நோக்கி இறங்குவோர் வெல்லவாயச் சமவெளியை அடைவர். தேயிலையின் பெயரையே இந்நாடு அறியாதிருந்த காலத்தில், 1630ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அச்சமவெளியில் ஒரு பெரும் படை அழிந்தது.

அப்படையை நடத்தி வந்தவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா த நொறொஞ்ஞா என்பவன். கண்டி அரசனான செனரத்தின் வலியை ஒடுக்க எண்ணி அவன் ஊவாவுக்குட் புகுந்தான். பதுளையைச் சூறையாடித் தீயிட்டான். திரும்பும் வழியில், வெல்லவாயவை அடுத்த ரந்தெணிவெல என்னுமிடத்தில், கண்டிப் படை அவனைச் சூழ்ந்தது. அவனுடைய சேனையில் இருந்த உள்நாட்டு வீரரான லஸ்கரின்கள், தங்கள் முதலிமாரைப் பின்பற்றிக் கண்டிப் பக்கம் சேர்ந்தனர். பெருமழையால் வெடிமருந்தும் திரிகளும் நனைந்து துப்பாக்கிகள் பயனற்றுப் போயின என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். மருந்து நனைந்தபின் போர்த்துக்கேய வீரனின் கையில் எஞ்சியது வாளும் ஈட்டியுமே. தளபதியும் அக்களத்திலேயே மாண்டான்.

தோற்ற படையின் ஆயுதங்கள் வென்றவர் கையைச் சேர்தல் போர் வழக்கு. ஆயினும், ஐரோப்பிய வாள்கள் இந்நாட்டுக்கு வந்த வழி போர் ஒன்றே அன்று. வாணிபத்தின் வழியாகவும், அரசர்க்கும் அதிகாரிகட்கும் அளித்த பரிசுகளின் வழியாகவும் வந்தவை பல. அவற்றுட் சில இன்று நூதனசாலைகளில் உள்ளன. சில பழங்குடும்பங்களின் பேழைகளில் உள்ளன. மண்ணுக்குள் துருவேறிக் கிடப்பனவும் இருத்தல் கூடும். அத்தகைய வாளொன்று கைக்குக் கிடைக்குமாயின், அது யார் செய்தது, எங்கே செய்தது, எக்காலத்தது என்று அறிவது எங்ஙனம்? அலகிலே பொறித்துள்ள முத்திரையைப் படித்தாற் போதும் என்று பலர் எண்ணுவர். அம்முத்திரை எப்போதும் உண்மையே பேசுவதில்லை என்பதை அறிந்தோர் சிலரே.

முதலிற் பெயரை நோக்குவோம். ஐரோப்பியரைப் பாரசீகரும் அராபியரும் ‘பிராங்குகள்’ என்னும் சாதியாரின் பெயரால் அழைத்தனர். அச்சொல் இந்தியாவுக்கு வந்து ‘பிரங்கி’ ஆயிற்று. தமிழில் ‘பறங்கி’ என்று திரிந்தது; ஐரோப்பியர் கொண்டுவந்த பெருந் துப்பாக்கிக்குப் ‘பீரங்கி’ என்ற பெயரும் அவ்வழியே வந்தது. தக்கணத்திலும் மராட்டிய நாட்டிலும் ஐரோப்பிய அலகைக் கொண்டு உள்நாட்டுப் பிடி பொருத்திய வாளையே ‘பிரங்கி’ என்று வழங்கினர். தஞ்சை அரண்மனையின் ஆயுதசாலையிலிருந்து 19ஆம் நூற்றாண்டிற் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தை அடைந்த ஆயுதங்களில் இவ்வினத்தனவும் உண்டு. ஆகவே, ஓர் அலகு கடல் கடந்து வந்து வேறொரு நாட்டுக் கொல்லனின் கையாற் பிடி பெறுவது அக்காலத்திற் புதுமையன்று.

இனி அலகின் பிறப்பிடத்தைக் காண்போம். ஐரோப்பாவில் வாட்டொழிலாற் பெயர்பெற்ற நகரங்கள் பல. ஸ்பெயின் நாட்டிலே தொலேதோ, இத்தாலியிலே மிலானும் பெலூனோவும், தென் ஜெர்மனியிலே பஸ்ஸவு, ரைன் நதிப் பிரதேசத்திலே சோலிங்கன் ஆகியவை அவற்றுட் சில. இவற்றுட் சோலிங்கன் நகரம் நெடுங்காலம் முதன்மை பெற்று விளங்கியது. அங்கே ஒருவரே வாள் முழுவதையும் செய்வதில்லை. இரும்பை அடித்து அலகாக்குவோர் ஒரு சாரார். அதற்குக் கடினம் ஏற்றிச் சாணை பிடிப்போர் மற்றொரு சாரார். பிடியமைத்து முடிப்போர் வேறொரு சாரார். ஒவ்வொரு சாராருக்கும் தனித்தனிச் சங்கம் இருந்தது. சாணை பிடிப்போர் 1401ஆம் ஆண்டிலும், வாள் முடிப்போர் 1412ஆம் ஆண்டிலும், அலகு அடிப்போர் 1472ஆம் ஆண்டிலும் தத்தம் சங்கத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். வுப்பர் ஆற்றின் நீர் சக்கரங்களைச் சுழற்றிச் சாணைக் கற்களை இயக்கியது. மனிதக் கையை மாத்திரம் நம்பிய பட்டறைகள் செய்ய முடியாத தொகையில் அலகுகள் அங்கிருந்து வெளியேறின.

அலகு செய்யும் முறையைத் தோட்டத் தொழிலாளர் எளிதில் விளங்கிக் கொள்வர். கவ்வாத்துக் கத்தி மழுங்கினால் வேலை ஓடாது. கடினம் மிகுந்தாலோ முற்றிய மிலாறிற் பட்டவுடன் வாய் தெறிக்கும். வாளுக்கும் இதே சங்கடம் உண்டு. கூர்மை நிலைக்க வேண்டுமாயின் உருக்குக் கடினமாயிருத்தல் வேண்டும். அடி தாங்க வேண்டுமாயின் வளைந்து நிமிரும் தன்மை இருத்தல் வேண்டும். இவ்விரு குணங்களும் ஒன்றுக்கொன்று பகையானவை. இப்பகையைத் தீர்த்து வைப்பதே வாட்கொல்லனின் வித்தை.

தொலேதோ நகரத்துக் கொல்லர் மென்மையான இரும்பை நடுவில் வைத்து, இருபுறமும் உருக்கை ஒட்டி அடித்தனர். நடுவிலுள்ள இரும்பு வளையும். வெளியிலுள்ள உருக்கு வெட்டும். நடு இரும்பை அவர்கள் அலகின் ‘ஆன்மா’ என்று அழைத்தனர். அடித்து முடிந்த அலகைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்துவர். அப்போது உருக்குக் கடினமாகிறது. அதனோடு நொறுங்குந் தன்மையும் சேர்கிறது. ஆகையால் மறுபடியும் மெல்லச் சூடாக்குவர். துலக்கிய உருக்கின் மேற்பரப்பு வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக நிறம் மாறும். ஏறக்குறைய 220 பாகை வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 பாகையை அணுகும்போது நீலமும் தோன்றும். வெப்பமானி இல்லாத காலத்திற் கொல்லனுக்கு அந்நிறமே அளவுகோல். உரிய நிறம் வந்ததும் நிறுத்துவான். சற்றுப் பிந்தினால் அலகு மென்மையாகிவிடும். முந்தினால் போர்க்களத்தில் ஒடிந்துவிடும். ஒருவன் உயிர் அந்த ஒரு நிறத்தில் தங்கியிருந்தது எனலாம்.

பல வாள்களின் அலகில் நெடுகிலும் ஒரு பள்ளம் காணப்படும். இரத்தம் வழிந்தோடுவதற்காக அமைத்தது என்று சிலர் கூறுவர். அது தவறு. பள்ளம் இடுவதால் அலகின் எடை குறைகிறது. உறுதி பெரிதும் குறைவதில்லை. நல்ல வாள் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரு கிலோவைச் சுற்றியே எடை இருக்கும். நாள் முழுதும் அதனைச் சுமப்பவன் மனிதனல்லவா?

இப்போது முத்திரைகளுக்கு வருவோம். அவற்றுள் மிகப் புகழ் பெற்றது ஓடும் ஓநாய் உருவம். பஸ்ஸவு நகரத்து வாட்கொல்லர் அதனைத் தம் அலகுகளிற் பொறித்தனர். உளியால் நாலைந்து கோடுகள் வெட்டி, அக்கோடுகளிற் பித்தளையை அடித்து நிரப்புவர். பழகாத கண்ணுக்கு அது ஓநாயென்றே தோன்றாது. பஸ்ஸவு அலகுகள் நன்றாக விற்பதைக் கண்ட சோலிங்கன் கொல்லர், தாமும் அதே ஓநாயைப் பொறிக்கத் தொடங்கினர். ஓநாய் இருப்பதால் மாத்திரம் ஒரு வாள் பஸ்ஸவுவிற் பிறந்தது என்று முடிவு கட்டலாகாது.

ஓநாயின் அருகே சில அலகுகளில் 1414 என்ற எண் காணப்படும். பார்ப்பவர் அதனை வாள் செய்த ஆண்டு என்று கொள்வது இயல்பு. ஆனால், அவ்வெண் பொறித்த அலகுகள் பல 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1441 முதலிய எண்களும் இவ்வாறே வருவதுண்டு. அவை வீரனைக் காக்கும் மந்திர எண்களாகவோ, தரத்தைக் காட்டும் குறிகளாகவோ கருதப்பட்டன என்று அறிஞர் கூறுவர். எண்ணை ஆண்டென்று நம்பியவர் இருநூறு ஆண்டு பிழைபட்டுவிடுவர்.

பெயர்களின் நிலையும் இதுவே. அந்திரேயா பெராரா என்பவர் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெலூனோ நகரில் வாழ்ந்த வாட்கொல்லர். அவர் இறந்து நெடுங்காலம் சென்ற பின்னரும் அவர் பெயர் தாங்கிய அலகுகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றிற் பெரும்பாலானவை ஜெர்மனியிற் செய்தவை. தோமாஸ் த அயாலா, சாககூன் என்னும் தொலேதோக் கொல்லர் பெயர்களுக்கும் இக்கதியே நேர்ந்தது. எழுத்தறியாத தொழிலாளி பிறர் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பொறித்தமையால் எழுத்துப் பிழைகள் மலிந்தன. ஜெனோவா நகரத்தோடு தொடர்புடைய பல்வைத்த இரட்டை அரிவாள் முத்திரையை, ஐரோப்பியர் மாத்திரமன்றிக் காக்கேசிய மலை நாட்டாரும் இந்தியக் கொல்லரும் தம் அலகுகளிற் பொறித்தனர்.

இதனைப் படித்து வியப்படைய வேண்டியதில்லை. மண்வெட்டி வாங்கச் சந்தைக்குச் செல்பவர் தகட்டைத் தட்டிப் பார்க்கிறார். பிறகு அதிற் பதிந்துள்ள முத்திரையைத் தேடுகிறார். பெயர் பெற்ற முத்திரை விலை போகும். விலை போகும் முத்திரைக்குப் போலியும் தோன்றும். மனிதர் மாறவில்லை, பொருள்களே மாறியிருக்கின்றன.

ஓரளவு நம்பத்தக்க முத்திரை ஒன்று உண்டு. அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. 1602ஆம் ஆண்டில் அமைந்து 1799ஆம் ஆண்டின் இறுதியிற் கலைந்த அக்கம்பெனி, இலங்கையின் கரையோரத்தை 1796 வரை ஆண்டது. ‘வி’ என்ற பெரிய எழுத்தின் ஒரு கையில் ‘ஓ’வும் மறு கையிற் ‘சி’யும் பின்னி நிற்பதே அதன் அடையாளம். கம்பெனிக்கு ஒல்லாந்து நாட்டில் அம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ப்ட், ரொட்டர்டாம், ஹூர்ன், என்கௌசன் என்று ஆறு கிளைச் சபைகள் இருந்தன. முத்திரையின் மேலே அச்சபையின் முதலெழுத்தைப் பொறிப்பதுண்டு. அம்ஸ்டர்டாமுக்கு ‘ஏ’ என்னும் எழுத்து. கீழே சில வேளைகளில் ஆண்டும் இருக்கும். இம்முத்திரை அலகைச் செய்தவன் பெயரைச் சொல்லாது. அதனை வாங்கியவன் பெயரைச் சொல்லும். கம்பெனியின் அலகுகள் பல சோலிங்கனிலே அடிக்கப் பெற்றவை. இம்முத்திரையும் போலிக்கு முற்றிலும் தப்பியதன்று. பிற்காலத்துச் சந்தைக்காகப் பொறித்தவையும் உண்டு.

அப்படியாயின் எதனை நம்புவது? வாளின் உடலை நம்ப வேண்டும். காய்ச்சிய இரும்பில் அடித்த பழைய முத்திரையைச் சுற்றி உலோகம் சற்று ஒதுங்கியிருக்கும். காலப்போக்கிற் பலமுறை துலக்கியதால் அதன் விளிம்புகள் தேய்ந்திருக்கும். முத்திரைக் குழியின் துருவும் அலகின் துருவும் ஒரே வயதினவாய்த் தோன்றும். திராவகத்தால் அரித்த புதிய முத்திரையோ ஆழமின்றிக் கூரிய விளிம்போடு நிற்கும். கையால் அடித்த அலகு பிடியிலிருந்து நுனி நோக்கிப் படிப்படியாக மெலியும். இயந்திரம் உருட்டிய தகடு எங்கும் ஒரே கனமாயிருக்கும். பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில், பழுது பார்த்த கைகளின் சுவடு காணப்படலாம். இவை யாவும் ஒன்றோடொன்று இசைந்தாலே முத்திரையின் சொல் ஏற்கத்தக்கது.

இலங்கையின் வாள்களைப் பார்க்கும்போது இவ்விதி மேலும் பயன் தருகிறது. கண்டி அரசின் பிரதானிகளும் பின்னர்க் கரையோர முதலிமாரும் இடையிற் தரித்த வாளுக்குக் ‘கஸ்தானை’ என்று பெயர். ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள, சற்றே வளைந்த, ஒருபுறம் வாயுடைய குறுவாள் அது. அதன் பிடியின் தலை சிங்க முகமாகவோ யாளி போன்ற விலங்கின் முகமாகவோ அமையும். விரல்களைக் காக்கும் வளைவுகளின் முனைகளிலும் சிறு விலங்கு முகங்கள் இருக்கும். வெள்ளியும் பொன்னும் பதித்து, சில வேளைகளில் மணிகளும் வைத்து இழைப்பர். இலங்கைத் தேசியக் கொடியிற் சிங்கம் ஏந்தி நிற்பதும் கஸ்தானையே என்பர். இவ்வளவு உள்நாட்டுத் தன்மை வாய்ந்த பிடியைத் தாங்கும் அலகை உற்று நோக்கினால், பல வாள்களில் ஒல்லாந்தக் கம்பெனியின் முத்திரை தெரியும். பிடியின் காப்பமைப்பிலும் ஐரோப்பியச் சாயல் உண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

இரும்பு செய்யத் தெரியாத நாடாதலால் இலங்கை அலகை வெளியிலிருந்து வாங்கிற்று என்று எவரும் நினைத்துவிடலாகாது. ஊவாவின் மலைகளுக்குத் தென்மேற்கே, பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாகப் பழைய இரும்புலைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றுக்குத் துருத்தியாய் உதவிற்று. கில் ஜூலெப் என்னும் ஆராய்ச்சியாளர் அத்தகைய உலையை மீண்டும் கட்டி 1994ஆம் ஆண்டில் எரித்துப் பார்த்தார். நல்ல உருக்கு விளைந்தது. 1996ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, இவ்வுலைகள் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை தொழிற்பட்டன என்பதை உலகுக்கு அறிவித்தது. 9ஆம் நூற்றாண்டிற் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, வாள்களை வகுத்து எழுதிய நூலில் சரந்தீப் உருக்கையும் குறித்துள்ளார். சரந்தீப் என்பது இலங்கையே. ஒரு காலத்தில் இத்தீவின் உருக்கு மேற்றிசை சென்று வாளாயிற்று. சில நூற்றாண்டுகளின் பின் மேற்றிசை அலகு இத்தீவுக்கு வந்து கஸ்தானையாயிற்று.

காரணம் அறிவின் குறைவன்று, தொழிலின் அமைப்பே. ஆற்று நீரும் தொழிற் சங்கங்களும் சேர்ந்து இயங்கிய சோலிங்கன், ஒரே அளவும் ஒரே தரமும் உள்ள அலகுகளைத் தொகை தொகையாகத் தந்தது. கம்பெனியின் கப்பல்கள் அவற்றைத் துறைமுகத்தில் இறக்கின. அலகு எளிதிற் கிடைத்தபோது, உள்நாட்டுக் கைவினைஞர் தம் திறமை முழுவதையும் பிடியின் மேற் செலுத்தினர். ஆகவே ஒரு கஸ்தானையை ‘ஒல்லாந்தர் வாள்’ என்பதும் முழு உண்மையன்று. ‘சிங்கள வாள்’ என்பதும் முழு உண்மையன்று. முத்திரை அலகின் வரலாற்றையே சொல்லும். பிடியைச் செய்தவன் பெரும்பாலும் பெயர் பொறிக்காமற் போனான்.

வாளின் உரிமை பற்றிய கேள்வியும் இத்தோடு தொடர்புடையது. 1765ஆம் ஆண்டில், ஆளுநர் வான் எக் என்பவரின் தலைமையிற் கண்டி அரண்மனைக்குட் புகுந்த ஒல்லாந்தப் படை, அங்கிருந்த பொருள்களைக் கொள்ளையிட்டது. அவற்றுட் பொற்கஸ்தானை ஒன்றும், வெள்ளிக் கஸ்தானை ஒன்றும், லெவ்கே திசாவையின் பெயரால் அறியப்படும் அலங்காரப் பீரங்கியும் நெதர்லாந்து சென்று, அம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்தன. ஆராய்ச்சியாளர் ஆவணங்களையும் பொருள்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபின், நெதர்லாந்து அரசு அவற்றைத் திருப்பித் தர இணங்கியது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆறு பொருள்கள் கொழும்புத் தேசிய நூதனசாலையை வந்தடைந்தன. இருநூற்றைம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவை வீடு திரும்பியதற்கு, பொருள்கள் சிதையாதிருந்ததும் அவற்றின் வரலாற்றை ஆராய முடிந்ததும் துணை நின்றன.

ஆனால், சாதாரண மக்களின் கைகளிற் பழைய வாள்கள் அடையும் கதி வேறு. துருப்பிடித்ததென்று மணலும் புளியும் இட்டுத் தேய்ப்பர். அரை நாளில் அலகு பளபளக்கும். முந்நூறு ஆண்டு நின்ற முத்திரை அதனோடு போய்விடும். ஆடிய பிடியைக் கழற்றி எறிந்து புதுப்பிடி போடுவர்; பெயரற்ற கைவினைஞன் விட்டுச் சென்ற ஒரே சான்றும் அழியும். அலகை வெட்டிக் கத்தியாக்குவோரும் உண்டு. கிடைத்த இடத்தைக் குறியாமல் விற்பது இவற்றினும் பெரிய இழப்பு. ரந்தெணிவெல வயலிலிருந்து எடுத்த வாள், எடுத்த இடம் தெரிந்தால் வரலாறு; தெரியாவிடில் அது வெறும் பழைய இரும்பு.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் தேதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் எனக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை நாளும் அதுவே. மண்ணுக்குள்ளிருந்து புதிதாகக் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குரியது. கண்டெடுத்தவர் உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமை. அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லலும் குற்றமாகும். குடும்பத்தில் வழிவழி வந்த வாளை உடையோர், அதனை ஈரம் படாத இடத்தில் வைத்து, தேய்க்காமல், மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒற்றி வைத்தாற் போதும். முத்திரை உள்ள இடத்தைத் தொடாமலிருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உபகாரம். தாத்தா அதனைப் பற்றிச் சொன்ன கதையை ஒரு தாளில் எழுதி வைத்தலும் நன்று.

ரைன் நதிப் பிரதேசத்தில் ஒருவன் இரும்பை அடித்தான். வேறொருவன் சாணை பிடித்தான். அம்ஸ்டர்டாமில் ஒரு கணக்கன் அதற்கு முத்திரை இடுவித்தான். மாலுமிகள் சுமந்து வந்தனர். கண்டி நாட்டுக் கைவினைஞன் ஒருவன் அதற்குச் சிங்க முகம் வைத்தான். இத்தனை பேருள் அலகிற் பெயர் நிற்பது கம்பெனி ஒன்றுக்கே. மற்றவர்களைக் காண வேண்டுமாயின் முத்திரையைப் படித்து நின்றுவிடாமல், அலகின் பள்ளத்தையும், வாயின் தேய்வையும், பிடியின் இழைப்பையும் பொறுமையோடு பார்த்தல் வேண்டும்.